றஜீபனைத் தேடும் விளம்பரத்தை நிற்பாட்டுவது சம்பந்தமாக

ஊர்காவற்றுறை,
ஆனி மாதம், 2008.

சேசு மரி சூசை

கனடா தேசத்தில் வசிக்கும் என் பாசத்துக்குரிய மருமகன் எட்மனுக்கு, தாய்மாமன் அம்புறோஸ் ஆசீர்வதித்து எழுதிக்கொள்வது. நீரும் உமது மனைவி பிள்ளைகளும் என் தங்கச்சியும் அந்தக் குளிரிலும் சுகபலத்தோடு இருக்கவேண்டுமென்று செபமாலையில் உங்களுக்கென ஒரு பத்துமணி தனியாகச் சொல்லி வருகிறோம். இங்கு நாங்களும் சுகம் என்று எழுதுவதுதான் முறை. மீனவர் சங்கத்தில் காரியதரிசியாக இருந்து நரைத்தவன் நான், முறை தவறிக் கடிதம் எழுதிப் பழக்கமில்லை. ஆகையால் சுகம் என்றே வைத்துக்கொள்ளும்.

விஷயம் என்னவென்றால், எங்கள் மகன் றஜீபனுக்காக நீர் இன்ரநெற்றில் போட்டு நடத்திவரும் விளம்பரத்தை இக்கடிதம் கண்டவுடன் நிற்பாட்டிவிட வேண்டும் என்று தயவாய்க் கேட்டுக்கொள்கிறேன். இதை ரெலிபோனில் சொல்லியிருக்கலாம், ஆனால் உமது மாமி ஞானசவுந்தரி றிசீவரில் தன் காதையும் சேர்த்து வைத்துக்கொண்டுதான் நிற்பார். ஈமெயிலில் எழுதியிருக்கலாம், அங்கேயும் பக்கத்துக் கதிரையில் அவர்தான். காரணத்தை ஒரு வரியில் எழுதி முடிக்கப் பார்த்தேன். கை ஓடவில்லை. ஆகையால் முதலிலிருந்து வருகிறேன், பொறுத்துக்கொள்ளும்.

போன கார்த்திகையில் றஜீபனும் அடுத்த வீட்டு அல்போன்சம்மாவின் மகன் ஜெனோசனும் நேவியிடம் பாஸ் எடுத்துக்கொண்டு ஒரே படகில் தொழிலுக்குப் போனதும், மத்தியானத்துக்குப் பிறகு காற்று மாறினதும், மற்றவர்கள் எல்லாம் கரை சேர்ந்தும் இவர்கள் சேராததும் உமக்குத் தெரியும். அதன்பிறகு நான் எழுதாத மனு இல்லை. அரசாங்க அதிபரின் கச்சேரிக்கு எழுதினேன், நேவிக் காம்புக்கு எழுதினேன், செஞ்சிலுவைக்கு எழுதினேன், ஆயர் இல்லத்துக்கு எழுதினேன். எல்லாரும் என் மனுவுக்கு ஒவ்வோர் இலக்கம் தந்து அனுப்பினார்கள். பிள்ளையைக் கேட்டுப் போன மனிதன் இலக்கங்களோடு வீட்டுக்கு வந்தேன். அப்போதுதான் நீர் ரெலிபோன் எடுத்து, "மாமா, காத்து இந்தியாப் பக்கமாத்தானே அடிச்சது. ஆரும் பிடிச்சு எங்கையாவது ஆசுப்பத்திரியிலை, காம்பிலை வைச்சிருந்தாலும் வைச்சிருக்கலாம். நான் ஒரு வெப்சைற் செய்யிறன்" என்று சொன்னீர். செய்தும் விட்டீர். படம் நல்ல வடிவாய் இருந்தது. ஆனால் அந்தப் பக்கம் ஒரு மனிதரும் எட்டிப் பார்க்கவில்லை. கேட்டதற்கு, "வெப்சைற் செய்தாப்போலை காணாது மாமா, ஆக்கள் அங்கை வரவேணுமே. அதுக்கு விளம்பரம் போடவேணும்" என்றீர்.

நீர் விளங்கப்படுத்தியதை நான் அப்படியே மாமிக்கும் விளங்கப்படுத்தினேன். இந்தியாவிலோ இலங்கையிலோ ஒருவர் இராமேஸ்வரம் என்றோ படகு என்றோ அடித்துத் தேடினால், திரையின் கரைப்பக்கத்தில் எங்களுடைய மூன்று வரி தெரியும். அதை அமத்தினால் றஜீபனின் படமுள்ள பக்கம் திறக்கும். அமத்துகிற ஒவ்வொரு தரமும் உமது கணக்கிலிருந்து காசு போகும். மாமி கேட்டது ஒரே ஒரு கேள்விதான்: "அமத்தினவன் பெடியனைக் காணேல்லையெண்டால் காசைத் திருப்பித் தருவினமோ?" நான் சங்கத்து மூளையைப் பாவித்து, அப்படி ஒரு விதி இருக்க நியாயமில்லை என்று சொன்னேன்.

அந்த மூன்று வரியில்தான் எனக்கும் உமக்கும் முதல் மனத்தாங்கல் வந்தது. நான் இரண்டு புல்ஸ்காப் தாளில், அவன் ஞானஸ்நானம் பெற்ற கோயில் தொடங்கி மண்கும்பானில் உதைபந்தாட்டம் விளையாடி வாங்கிய கிண்ணம் வரை, வாசிப்பவர் மனம் உருகும்படி விளம்பரம் எழுதி அனுப்பியிருந்தேன். நீர் போட்டதோ, 'மீனவர் ஒருவரைக் காணவில்லை. இலங்கையிலிருந்து படகில் போனவர். கண்டீர்களா?' அதுவும் இங்கிலீசில். அவன் பேர் இல்லை, தேப்பன் பேர் இல்லை. ஏன் என்று கேட்டால், "எழுத்துக் கணக்கு மாமா, அதுக்கு மேலை இடம் தரமாட்டாங்கள்" என்றீர். எனக்கு ஆத்திரம் வந்து, "சேமக்காலையிலை கல்லறைக்குக் கூட இதைவிடக் கனக்க எழுத இடம் விடுவினமே" என்று வாயைக் கொடுத்துவிட்டேன். நீர் சிரித்தீர். எனக்குப் பக்கத்தில் நின்ற உமது மாமி குசினிக்குள் போனவர்தான், அதன்பிறகு சாப்பாட்டை மேசையில் வைத்துவிட்டுச் சுவரைப் பார்த்து "சோறு இருக்கு" என்று சொல்லுவாரே தவிர என்னோடு கதைக்கவில்லை. நல்ல காலம், விளம்பரத்துக்கு ஆட்கள் வரத் தொடங்கினார்கள், அந்தச் சந்தோஷத்தில் கோபம் ஆறியது.

வந்தவர்களைப் பற்றிச் சொல்லவேண்டும். நாங்கள் இருவரும் வேலணை ஊடாகப் போகும் பஸ் பிடித்து, சோதனைக்கு இறங்கி ஏறி, யாழ்ப்பாணம் ரவுணில் வேலணைப் பரமலிங்கம் வைத்திருக்கும் இன்ரநெற் கடைக்குப் போவோம். பரமலிங்கம் ஜெனறேற்றரை ஓடவிட்டு, வந்த கடிதங்களைத் திறந்து வாசிப்பார். முதலாவது கடிதம் வந்த அன்று மாமி செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். கடலட்டை கிலோ என்ன விலை, மொத்தமாகத் தரமுடியுமா என்று ஒரு வியாபாரி கேட்டிருந்தார். எங்கள் கடலில் இப்போது நினைத்தபடி இறங்க ஏலாது, மேலும் இது மகனைத் தேடும் பக்கம் என்று மரியாதையாகப் பதில் போட்டேன். விலையைப் பேசித் தீர்க்கலாம் என்று அவர் மறுபடியும் எழுதினார். இன்னொருவர் படகு வாங்கக் கேட்டார். வேறொருவர் இராமேஸ்வரத்தில் தங்க அறை கேட்டிருந்தார். கோயமுத்தூர்க்காரர், பேர் ஆறுச்சாமி, வயதான தாயால் படி ஏறமுடியாதாம், கீழ்மாடியில் வேண்டுமாம். தலைமன்னாரிலிருந்து கப்பல் ஓடிய காலத்தில் நான் இராமேஸ்வரம் போயிருக்கிறேன் அல்லவா, அந்தத் தைரியத்தில் கிழக்குக் கோபுரத்துக்குக் கிட்ட ஒரு சத்திரத்தில் கீழ் அறைகள் இருந்தன, இப்போது சத்திரமே இருக்கிறதோ தெரியாது, நிற்க, நான் விடுதிக்காரன் அல்ல, மகனைத் தொலைத்த தகப்பன் என்று எழுதினேன். அடுத்த முறை போனபோது பதில் இருந்தது. "மன்னிச்சுக்கணுமுங்க ஐயா. அவசரத்துல படத்தைக்கூடப் பார்க்காம ரூம் கேட்டு எழுதிப்போட்டேனுங்க. பையனைப் பத்தி முழுசா எழுதுங்க" என்று. எழுத்துக் கணக்கில்லாத ஒரு மனிதர் கிடைத்தாரே என்று நான் அந்த இரண்டு தாளையும் அப்படியே பரமலிங்கத்தைக் கொண்டு அடிப்பித்து அனுப்பினேன். பாவம், பரமலிங்கத்துக்கு விரல் வீங்கிவிட்டது.

இதற்கிடையில் ஒரு கலியாணப் பேச்சு வந்தது. சிரிக்காதேயும். நோர்வேயிலிருந்து ஊருக்கு வந்து நின்ற ஒரு அம்மா, படத்தைப் பார்த்துவிட்டு இது மாப்பிள்ளை தேடும் பக்கம் என்று நினைத்து, தம்பி கலியாணம் முடித்தவரா, என்ன தொழில், இப்போது எங்கே இருக்கிறார் என்று விசாரித்திருந்தார். நான் வழக்கம்போல விளக்கம் எழுத வாயெடுத்தேன். மாமி என் கையைப் பிடித்தார்.

"முடிக்கேல்லை எண்டு எழுதுங்கோ. சாதகம் கேட்டால் நாங்கள் வேதக்காரர் எண்டு எழுதுங்கோ."

"எங்கை இருக்கிறான் எண்டு கேட்டிருக்கினம், அதுக்கு என்னத்தை எழுதிறது?"

"கடலுக்குப் போட்டார் எண்டு எழுதுங்கோ."

நான் அவரைப் பார்த்தேன். "ஏன் பாக்கிறியள்? பொய்யே? கடலுக்குத்தானே போனவன்" என்றார். பரமலிங்கம் எழும்பி ஜெனறேற்றருக்கு எண்ணெய் காணுமோ என்று பார்க்க வெளியே போனார். நான் அப்படியே அடிக்கச் சொன்னேன். அந்த அம்மா பிறகு எழுதவில்லை. ஆனால் மாமி திரும்பி வரும்போது பஸ்ஸில், நோர்வே கனதூரம், பெட்டை மீன் சமைக்கத் தெரிஞ்சவளோ என்னவோ என்று எனக்குச் சொல்லிக்கொண்டு வந்தார்.

பிறகுதான் நீர் எடுத்துச் சொன்னீர், "மாமா, ஒவ்வொரு நாளைக்கும் நான் ஒரு எல்லை வைச்சிருக்கிறன். நீங்கள் ரவுணுக்குப் போற நாள் பாத்து அது கெதியா முடிஞ்சு போகுது. ஆரோ யாழ்ப்பாணத்திலை இருந்து திருப்பித் திருப்பி அமத்துகினம். ஒரே ஆள் அமத்தினால் கம்பனி கழிச்சு விடும், ஆனால் எல்லாத்தையும் பிடிக்காது. காசு கிடக்கட்டும், முடிஞ்சால் அண்டைக்கு விளம்பரம் மறைஞ்சு போகும். பிறகு இந்தியாவிலை ஆர் தேடினாலும் காணாயினம்" என்று. எனக்கு உச்சியில் ஏறிவிட்டது. யார் இந்தப் பாதகன்? நான் ஆராய்ந்து, யோசித்து, எல்லா நியாயமும் வைத்து, பரமலிங்கம்தான் என்று முடிவு கட்டினேன். கம்பனியிடம் கொமிசன் வாங்குகிறார், வேறென்ன? அடுத்த முறை போய், ஆட்கள் இருக்கத்தக்கதாகவே கேட்டேன்.

"பரமலிங்கம், உமக்கு அமத்திறதுக்கு எவ்வளவு தருகினம்?"

அவர் முதலில் விளங்காமல் முழித்தார். விளங்கினதும் கதிரையை விட்டு எழும்பினார். "அம்புறோஸ் அண்ணை, நான் ஒரு நாளாவது உங்களிட்டை மணிக்கூடு பாத்துக் காசு வாங்கினனானே? என்ரை தேப்பன் செத்தவீட்டுக்குக் கூட இவ்வளவு நேரம் கடையைப் பூட்டேல்லை, உங்களுக்காக மற்ற ஆக்களைத் திருப்பி அனுப்பினனான்" என்றார். பிறகு நாடியால் மூலைப் பக்கம் காட்டினார்.

மூலையில் இருந்த கொம்பியூட்டரில் மாமி. கண்ணாடி மூக்கு நுனியில். பருப்பில் கல் பொறுக்குகிற கவனத்தோடு ஒற்றை விரலால் அமத்துகிறார், றஜீபன் வருகிறான், அம்புக்குறியில் அமத்துகிறார், போகிறான், மறுபடியும் மூன்று வரியை அமத்துகிறார். நான் மற்றக் கொம்பியூட்டரில் கடலட்டைக்காரருக்குப் பதில் எழுதிக்கொண்டிருந்த நாளெல்லாம் அவர் இதைத்தான் செய்திருக்கிறார்.

"என்னப்பா செய்யிறீர்?"

"பிள்ளையைப் பாக்கிறன்."

"வந்த படத்தைப் பாத்துக்கொண்டிருக்கலாமே. ஏன் திருப்பித் திருப்பி அமத்திறீர்?"

"எத்தினை பேர் வந்தவை எண்டு கணக்கு ஏறுமாமே. பெத்த நாங்களே அமத்தாட்டில் ஊரான் அமத்துவானே?"

நான் விளங்கப்படுத்தினேன். கோபத்தில் சற்றுக் கூட விளங்கப்படுத்திவிட்டேன். கொதிக்கிற சட்டியில் பட்டதுபோல் கையை எடுத்துக்கொண்டார். பரமலிங்கத்திடம் நான் மன்னிப்புக் கேட்டேன், அவர் இரண்டு பேருக்கும் பிளேன்ரீ எடுப்பித்தார், மாமி குடிக்கவில்லை. பஸ் பண்ணைப் பாலம் தாண்டி வேலணை கிட்ட வரும்போது, ஜன்னலைப் பார்த்தபடி, "அப்ப இவ்வளவு நாளும் என்ரை பிள்ளையை நான்தானே மறைச்சு வைச்சிருந்தனான்" என்றார். கொண்டக்டர் வந்து ரிக்கற் கேட்டான், இரண்டு ஊர்காவற்றுறை என்று சொன்னேன்.

அதன்பிறகு அவர் அமத்தவில்லை. கடைக்கு வந்தாலும் கையிரண்டையும் மடியில் வைத்துக்கொண்டு இருப்பார். விளம்பரம் நாள் முழுக்க மறையாமல் நின்றது.

இனி எழுத வேண்டியதை எழுதுகிறேன்.

சென்ற கிழமை மாமிக்கு முழங்கால் வீக்கம், நான் தனியே போனேன். ஆறுச்சாமியின் கடிதம் வந்திருந்தது. பரமலிங்கம் அதை முன்னமே வாசித்திருக்கவேண்டும். என்னை வழக்கமான கதிரையில் இருத்தாமல் தன்னுடைய கதிரையில் இருத்தினார். ஆறுச்சாமி, தகப்பனுக்குத் திதி கொடுக்கத் தாயாரையும் கூட்டிக்கொண்டு இராமேஸ்வரம் போனவர், எங்கள் பக்கத்தைத் தாளில் அடித்துக் கையோடு கொண்டுபோயிருக்கிறார். துறைமுகத்தில் படகுக்காரர் எல்லாரிடமும் காட்டியிருக்கிறார். ஒருவர் சொல்லி, தொண்டிக்குத் தெற்கே ஒரு மீனவக் கிராமத்துக்கு வாடகைக் கார் பிடித்துப் போயிருக்கிறார். அங்கே மழைக்காலத்தில் ஒரு பெடியனின் உடல் கரையில் ஒதுங்கியதாம். பொலிசுக்கு அறிவித்து, யாரும் கேட்டு வராதபடியால், பங்குச் சுவாமியார் கோயில் சேமக்காலையில் அடக்கம் செய்தாராம்.

"ஐயா, முகம் சரியா இல்லைன்னு சொல்றாங்க. ஆனா ஒண்ணு கேக்கச் சொன்னாங்க. உங்க பையனுக்கு இடது கைச் சுண்டுவிரல் பாதிதான் இருக்குமுங்களா?" என்று எழுதியிருந்தார்.

எட்மன், அது நீர் செய்த பக்கத்தில் இல்லை. நான் எழுதின இரண்டு தாளிலும் இல்லை. சின்ன வயதில் படகு இயந்திரத்தில் போன விரல். அங்க அடையாளம் என்று நான் எழுதப் போக, நாளைக்குப் பொம்பிளை வீட்டார் பார்த்தால் குறை சொல்லுவார்கள் என்று மாமிதான் விடவில்லை. ஆகையால் ஆறுச்சாமிக்கு அதைச் சொல்லியிருக்கக்கூடியவர்கள் அவனைக் கையால் தூக்கினவர்கள் மட்டும்தான்.

கடிதத்தின் கடைசியில், "உங்க முறை எனக்குத் தெரியாதுங்க. மெழுகுத்திரி வாங்கி ஏத்தினேன். எங்கம்மா எங்கப்பாவுக்கு விட்ட எள்ளுத்தண்ணியில உங்க பையனுக்கும் ஒரு கை விட்டாங்க. தப்பா இருந்தா மன்னிக்கணும்" என்று இருந்தது. தப்பில்லை என்று பதில் அடிக்கச் சொன்னேன். பரமலிங்கம் பஸ் வரை வந்து ஏற்றிவிட்டார்.

நான் இன்னும் மாமிக்குச் சொல்லவில்லை. சொன்னால் மதிலுக்கு அந்தப் பக்கம் அல்போன்சம்மாவுக்கும் கேட்கும். ஒரே படகில் போனவர்கள், ஜெனோசனைப் பற்றி ஆறுச்சாமியின் கடிதத்தில் ஒரு சொல்லும் இல்லை, அந்தக் கரையில் ஒதுங்கியது ஒருவர்தானாம். அல்போன்சம்மா கைம்பெண், ஒரே பிள்ளை. என்னைப் பார்த்து, அப்ப என்ரை பெடியன் எங்கை அம்புறோஸ் அண்ணை என்று கேட்டால் நான் எந்த மனுவின் இலக்கத்தைக் காட்டுவது? இரண்டு தாய்மாரை ஒரே நேரத்தில் பிடிக்க எனக்குப் பலமில்லை. மாமியோ முழங்கால் சுகமானதும் ரவுணுக்குப் போக நிற்கிறார். ஆகையால் நீர் விளம்பரத்தை நிற்பாட்டிவிடும். கம்பனி மூடிவிட்டது, சட்டம் மாறிவிட்டது, ஏதாவது ஒன்றை ரெலிபோனில் மாமிக்குச் சொல்லிவிடும். நல்ல பொய்யாக யோசியும், மாமி கெட்டிக்காரி. ஆண்டவர் எனக்கு எப்போது வாய் தருகிறாரோ அப்போது நானே சொல்லிக்கொள்வேன்.

உமது உழைப்பில் எங்கள் பிள்ளைக்காகச் செலவழித்ததற்கு நான் நன்றி சொன்னால் நீர் கோபிப்பீர், ஆகையால் சொல்லவில்லை. பிள்ளைகளின் நெற்றியில் எனக்காக ஒரு சிலுவை வரைந்துவிடும். தங்கச்சியிடம் பக்குவமாகச் சொல்லும், அவவுக்கு நெஞ்சுத் துடிப்பு உண்டு. தேவமாதா உங்கள் குடும்பத்தைத் தன் சேலைத் தலைப்புக்குள் வைத்திருப்பாராக.

இப்படிக்கு,
என்றும் அன்பு மறவாத மாமா,
ம. அம்புறோஸ்

பின்குறிப்பு: ஒட்டிய கடிதத்தை உடைத்து எழுதுகிறேன். மேலே கேட்டதையெல்லாம் வெட்டிவிட்டு வாசியும். மாமிக்குத் தெரியும். முழங்கால் வீக்கத்தையும் பாராமல், கோயிலுக்கு என்று சொல்லிவிட்டு அல்போன்சம்மாவையும் கூட்டிக்கொண்டு நேற்று ரவுணுக்குப் போய், வந்த கடிதங்களை வாசிக்கச் சொல்லிப் பரமலிங்கத்திடம் கேட்டிருக்கிறார். அந்த மனிதர் ஆறுச்சாமியின் கடிதத்தை எடுத்து வைத்துக்கொண்டு, அறை இருக்கோ, வாடகை எவ்வளவு என்று ஏதோ தன்பாட்டில் இட்டுக்கட்டி வாசித்தாராம். மாமி கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "அறை கேக்கிறவனுக்கு நீர் ஏன் தம்பி அழுறீர்?" என்றாராம். பிறகு அவரால் மறைக்க ஏலவில்லை, உள்ளதை வாசித்துவிட்டார்.

வீட்டுக்கு வந்து, கதிரையில் இருந்த என் முன்னால் நின்று, "ஒரு கிழமையாத் தனியச் சுமந்துகொண்டு என்னோடை இருந்து சோறு திண்டிருக்கிறியள்" என்றார். அடிக்கப் போகிறார் என்று நினைத்தேன். என் தலையைப் பிடித்துத் தன் வயிற்றோடு வைத்துக்கொண்டார். பிறகு முகத்தைத் துடைத்துவிட்டு, "விளம்பரத்தை நிப்பாட்டச் சொல்லி எழுதிப்போடாதேங்கோ. ஜெனோசன்ரை படத்தைப் போடச் சொல்லுங்கோ" என்றார். படம் இத்துடன் வருகிறது. ஜெனோசன், வயது இருபத்திரண்டு, வலது புருவத்தில் வெட்டுக்காயம். அந்த வெட்டுக்காயத்தை மறக்காமல் போடச் சொல்லி மாமி இரண்டு தரம் சொன்னார்.

அல்போன்சம்மா வாசல்படியில் இருக்கிறா. உம்மிடம் ஒன்று கேட்டு எழுதச் சொல்லுகிறா. "அமத்தினால் காசு போகும், விளம்பரம் ஒளிஞ்சு போகும் எண்டு ஞானசவுந்தரி சொல்லிப்போட்டாள், நான் அமத்தமாட்டன், அந்த மூண்டு வரியைச் சும்மா பாத்துக்கொண்டிருந்தாலும் காசு போகுமோ" என்று கேட்கிறா. எனக்குத் தெரியவில்லை எட்மன். கெதியாய்ப் பதில் எழுதும்.